13 டாலர் சிப்பாயும் என் மாமனாரும்

முதல் நாள்: கெட்டிஸ்பர்க்

மாமனார் வந்து ஏழு வாரம் ஆகிறது. நயாகரா பார்த்தாச்சு, சுதந்திர தேவி சிலை பார்த்தாச்சு, பிரிட்ஜ்வாட்டர் பாலாஜியை மூன்று தடவை பார்த்தாச்சு. "அப்புறம்?" என்கிறார். 76 வயது. மதராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தவர். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில் இருந்தவர். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்களில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம் என்பது புதுசல்ல. "இந்த ஊர்ல சண்டயே நடக்கலியா மாப்ள?" என்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். மறுநாளே ஐந்து நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மனைவிக்கு ஆபீஸ், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆக, நானும் மாமாவும், பழைய கார் ஒன்றும், ஒரு தூக்கு நிறைய புளிச்சோறும்.

கிளம்பும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இது நவம்பர். பென்ஷன் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்கவேண்டிய மாதம். ஃபோனில் முகத்தைக் காட்டினாலே போதும், ஊருக்கு வரவேண்டாம் என்று மச்சான் சொல்லிவிட்டான். "எங்கனா நல்லா சிக்னல் கெடைக்கிற எடமா பாத்து அத முடிச்சுக் குடுத்துடுங்க." சரி மாமா என்றேன். நாள் கிடக்கிறதே.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கெட்டிஸ்பர்க்கில் இறங்கியதும் குளிர் காதைக் கடித்தது. அடிமைமுறைப் பிரச்சினையில் அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போரில், 1863 ஜூலை 1, 2, 3 ஆகிய மூன்று நாளில் இங்கே இரண்டு பக்கமும் சேர்த்துச் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் கிட்டத்தட்ட 51,000 பேர். இப்போது எங்கே திரும்பினாலும் புல்வெளி, பீரங்கி, கல்தூண். லிட்டில் ரவுண்ட் டாப் மேட்டில் நின்றுகொண்டு நான் படித்துவைத்திருந்த வியூகத்தையெல்லாம் கையை நீட்டி நீட்டி விளக்கினேன். மாமா பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சம்பளம் எவ்ளோ?"

வடபடைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். தெற்கே 11. வடக்கின் கணக்கில் நாளுக்கு 43 செண்ட். அந்தக் காலத்தில் வெளியே மண்வெட்டி பிடிக்கிறவனுக்கே நாளுக்கு ஏறத்தாழ ஒரு டாலர் கிடைத்தது. இவனுக்குச் சோறும் துணியும் சர்க்கார் கணக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

"மாசா மாசம் குடுத்தானா?"

அதுதான் இல்லை. விதிப்படியே இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று இரட்டைப்படை மாதத்துக் கடைசி நாளில் படையை வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு மஸ்டர் ரோல் எழுதுவார்கள். ரோலில் பேர் ஏறினால்தான் காசு. ஏறின உடனே காசு வந்துவிடாது. பே மாஸ்டர் இரும்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முகாம் முகாமாக வரவேண்டும். நாலு மாதம், ஆறு மாதம் பாக்கி நிற்பது அன்றாடக் கதை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கே உறைத்தது. ஜூன் மாதக் கடைசி நாள் 30. அடுத்த நாள் ஜூலை 1. வடபடை அந்த 30ஆம் தேதி, மேரிலாந்து எல்லையை ஒட்டிய சாலைகளில் போகிற போக்கில் நின்ற இடத்திலேயே சம்பளப் பட்டியல் எழுதிக்கொண்டது. மறுநாள் காலை சண்டை தொடங்கிவிட்டது. எந்தப் பிரிவில் எத்தனை பேர் களத்தில் நின்றார்கள் என்று இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் எண்ணுவதற்கே அந்த ஜூன் 30 பட்டியல்தான் பெரிய ஆதாரம்.

மாமா மேட்டிலிருந்து கீழே பாறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பேரக் குடுத்துட்டு வந்து செத்திருக்கானுங்க. அந்த ரெண்டு மாசக் காசு யாருக்குப் போச்சு?"

பெண்டாட்டியோ பெற்றவளோ மனுப்போட்டு, சாட்சி வைத்து, நாங்கள்தான் வாரிசு என்று நிரூபித்து, வாஷிங்டனில் கருவூலத்துத் தணிக்கைக்காரர் கையெழுத்துப் போட்ட பிறகு கிடைத்தது. "நம்மூரு மாதிரியேதான்" என்றார், திருப்தியாக.

கல்லறைத் தோட்டத்தில் வடபடைச் சிப்பாய்கள் 3,500 பேருக்கு மேல். லிங்கன் பேசிய இடம். நான் அந்தப் பேச்சைச் சொல்ல வாயெடுத்தேன், ஆனால் மாமாவிடம் எடுபட்டது வேறொரு சேதி. வயலில் அவசரத்துக்கு அரைகுறையாகப் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து இங்கே அடக்கம் செய்ய டெண்டர் விட்டார்கள். குறைந்த தொகைக்குக் கேட்டவருக்கு வேலை போனது: உடலுக்கு 1 டாலர் 59 செண்ட். தோண்டுகிற வேலையைக் கையால் செய்தவர்கள் உள்ளூர்க் கறுப்பினத்தவர்கள், பேசில் பிக்ஸ் என்ற விவசாயியின் தலைமையில். ஒவ்வொரு சட்டைப் பையையும் துழாவிப் பார்த்திருக்கிறார்கள். கடிதம், பைபிள், சில்லறை, பர்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் பட்டியல் போட்டு வைத்தார்கள், சொந்தக்காரர் கேட்டு வந்தால் கொடுக்க.

இருட்டுவதற்குள் ஸ்ட்ராட்டன் தெருவுக்கும் போனோம். தீயணைப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நினைவுக்கல். ஆமோஸ் ஹியூமிஸ்டன், நியூயார்க் 154ஆவது படைப்பிரிவின் சார்ஜெண்ட். முதல் நாள் சண்டையில் செத்தவர். யாரென்று தெரியவில்லை, ஆனால் கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் படம் ஒன்று. 1863 அக்டோபரில் பிலடெல்பியா பத்திரிகை ஒன்று அந்தப் படத்தை வார்த்தையாலேயே வர்ணித்து எழுதியது. பத்திரிகையில் படம் அச்சடிக்க முடியாத காலம். பெரியவன் சட்டை எந்தத் துணி, சின்னவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்றெல்லாம் எழுதி, யார் வீட்டுப் பிள்ளைகள் என்று கேட்டார்கள். நியூயார்க் மாநிலத்தில் போர்ட்வில் என்ற ஊரில் பிலிண்டா என்ற பெண்ணின் காதுக்கு அது எட்டியது. படத்தை அனுப்பி வைத்தவளே அவள்தான். படத்தின் நகலை விற்று வந்த காசில் 1866இல் இந்த ஊரிலேயே சிப்பாய்களின் பிள்ளைகளுக்கு ஓர் அனாதை இல்லம் தொடங்கினார்கள். பிலிண்டா அங்கேயே வேலை பார்த்தாள். பிற்பாடு அந்த இல்லம் குழந்தைகளைக் கொடுமைப்படுத்தியதாகவும் பணத்தைச் சுருட்டியதாகவும் பேர் கெட்டு மூடப்பட்டது.

1862 சட்டப்படி சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். சார்ஜெண்டின் விதவைக்கும் அதேதான்.

மோட்டலில் மைக்ரோவேவில் புளிச்சோற்றைச் சூடாக்கினோம். தாழ்வாரம் பூரா பெருங்காய வாசனை. சான்று வேலையை மறந்துவிட்டேன். மாமா மறக்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவும் இல்லை.

இரண்டாம் நாள்: பிரெடெரிக், ஆண்டீட்டம்

காலையில் பிரெடெரிக் வழியாக. அழகான கடைவீதி, காப்பி நன்றாக இருந்தது. 1864 ஜூலையில் தென்படை ஜெனரல் ஜூபல் எர்லி இந்த ஊருக்குள் வந்து, 2 லட்சம் டாலர் வைக்காவிட்டால் கொளுத்திவிடுவேன் என்றார். ஊர்க்காரர்கள் வங்கிகளில் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். அந்தக் கடனின் கடைசித் தவணையை அடைத்தது 1951இல். மாமா இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். "எங்கப்பா கூட்டுறவுச் சங்கத்துல வாங்குன கெணத்துக் கடன் கத மாப்ள இது. நான் ரிட்டையர் ஆகி வந்துதான் அடச்சேன்."

ஆண்டீட்டம் களம் கெட்டிஸ்பர்க் மாதிரி கூட்டமாக இல்லை. சோளக்காடு அறுத்துக் கிடந்தது. 1862 செப்டம்பர் 17, ஒரே பகலில் இரு தரப்பிலும் சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போன இடம். பள்ளமான வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது, அதில் இறங்கி நடக்கும்போது ஏனோ இருவருமே பேசவில்லை.

பேச்சு திரும்பியது பர்ன்சைட் பாலத்தில். மூன்று வளைவுள்ள கல்பாலம். ஓரத்தில் அன்றைக்கே நின்ற ஒரு சிக்கமோர் மரம் இன்றும் நிற்கிறது, பெருத்துப்போய். எதிர்க்கரை மேட்டில் தென்படைக்காரர்கள் மறைந்திருந்து சுட, பாலத்தைத் தாண்ட முடியாமல் வடபடைக்காரர்கள் மணிக்கணக்காகத் திணறியிருக்கிறார்கள். கடைசியில் பென்சில்வேனியா 51, நியூயார்க் 51 ஆகிய இரண்டு பிரிவுகளையும் போகச் சொன்னபோது, பென்சில்வேனியாக்காரன் ஒருவன், பாலத்தைப் பிடித்தால் எங்கள் விஸ்கியைத் திருப்பித் தருவீர்களா என்று கத்தினானாம். ஏதோ ஒழுங்கு நடவடிக்கையில் அவர்கள் பங்கை நிறுத்தி வைத்திருந்தார்கள். தருகிறேன் என்றார் அதிகாரி. பிடித்துவிட்டார்கள்.

"ரம்முக்காகப் போனான்னு எழுதாதீங்க" என்றார் மாமா, நான் இதையெல்லாம் தினமும் எழுதிப் போடுகிறேன் என்று தெரிந்து. "அது அவனுக்கு வரவேண்டிய கோட்டா. நம்முளுதக் குடுறான்னு கேக்குறான். குடிக்காத ஆளுகூட கோட்டாவ விட மாட்டான்."

சாப்பாட்டுக் கதை. ஹார்ட்டாக் என்று ஒரு ரொட்டி: மாவும் தண்ணீரும்தான், ஏறக்குறைய மூன்று அங்குலச் சதுரம், அரை அங்குலம் கனம். உணவு விடுதியில் கேட்டால் கிடைக்காது, அருங்காட்சியகக் கடையில் பொட்டலமாக விற்கிறார்கள். மாமா ஒன்றை வாங்கி, மேஜை விளிம்பில் தட்டினார். மரச்சத்தம் வந்தது. கடைவாயில் வைத்துக் கொஞ்ச நேரம் முயன்றார், கட்டின பல் ஞாபகம் வந்து எடுத்துவிட்டார். பிறகு பிளாஸ்கில் இருந்த காப்பியில் முக்கி வைத்தார். அந்தச் சிப்பாய்கள் செய்ததும் அதேதான், முக்கினால் புழு மேலே மிதக்கும், வழித்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம். இதை நான் அவர் சாப்பிட்டு முடித்த பிறகே சொன்னேன்.

இந்த ரொட்டியைத் தின்று தின்று நாக்கு செத்தவன் போகிற இடம் சட்லர் கடை. படையோடேயே வண்டி கட்டிக்கொண்டு வருகிற தனியார் வியாபாரி. 'பை' என்கிற பழப் பலகாரம், புகையிலை, வெண்ணெய், டப்பாப் பால், ஊசி நூல் எல்லாம் அவனிடம். ஆறு குக்கீ 25 செண்ட் என்று பழைய சிப்பாய்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பாதி நாள் சம்பளத்துக்கு மேல்! கையில் காசில்லையென்றால் கடன். பே மாஸ்டர் பெட்டியைத் திறக்கும்போது சட்லர் பக்கத்திலேயே நோட்டுப் புத்தகத்தோடு நிற்பான். அட்டூழியம் அதிகமாகி, மாதச் சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் அவன் பிடிக்கக்கூடாது என்று 1862இல் சட்டமே போட்டார்கள். துணியிலும் ஒரு பொறி இருந்தது. வருஷத்துக்கு 42 டாலர் துணிக்கென்று ஒதுக்கீடு, அதைத் தாண்டினால் சம்பளத்தில் பிடித்தம். வெயில் வந்ததும் சுமை தாங்காமல் ஓவர்கோட்டைச் சாலையோரம் வீசிவிட்டு நடப்பான். குளிர் வந்ததும் புதுசு வாங்குவான். கணக்கு ஏறிக்கொண்டே போகும்.

வீட்டுக்குப் பணம் போகவேண்டுமே, அதற்கு வழி? அங்கேதான் தியோடர் ரூஸ்வெல்ட் வருகிறார். ஜனாதிபதியானவர் இல்லை, அவருடைய அப்பா. சம்பளத்தில் ஒரு பங்கை நேராகக் குடும்பத்துக்கே அனுப்பிவிடும் அலாட்மெண்ட் திட்டத்துக்காக வாஷிங்டனில் நடையாக நடந்து சட்டம் வாங்கினார். குளிர்காலத்தில் குதிரையில் முகாம் முகாமாகப் போய், சேற்றில் நின்று, ஒவ்வொரு சிப்பாயிடமும் கையெழுத்துக் கேட்டார். சட்லர்களும் சாராயம் விற்றவர்களும் கடுப்பானதில் ஆச்சரியமில்லை. இத்தனையும் செய்த மனிதர், தான் போருக்குப் போகாமல் காசு கொடுத்துப் பதிலாள் வைத்தவர் என்பதையும் சொல்லவேண்டும்.

அலாட்மெண்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் மாமா ஸ்டியரிங் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். "ஃபேமிலி அலாட்மெண்ட்! எங்களுக்கும் அதேதான் பேரு." மாதம் 60 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தாராம். மணியார்டராக வீட்டுக்குப் போகும். 1971 டிசம்பரில் தபால் எல்லாம் தாறுமாறாகி இரண்டு மாதம் போகவில்லை. அத்தை போட்ட கடிதம் சண்டை முடிந்து ஜனவரியில்தான் கைக்கு வந்தது. "நல்லா இருக்கியான்னு ஒரு வரி. மாடு வித்துட்டோம்னு ஒரு வரி. அவ்ளோதான் லெட்டரு. ஷெல் விழுந்தப்பகூட எனக்கு அப்டி வயித்தக் கலக்கல."

மூன்றாம் நாள்: வாஷிங்டன்

பார்க்கிங்குக்கு அழுத காசை எழுதினால் அத்தை படித்துவிடுவார். விட்டுவிடுகிறேன். வெள்ளை மாளிகை முன்னால் ஒரு ஃபோட்டோ, லிங்கன் சிலை முன்னால் ஒரு ஃபோட்டோ. கடமை முடிந்தது.

யூ தெருவில், மெட்ரோ நிலையத்து வாசலிலேயே, கறுப்பினச் சிப்பாய்களுக்கான நினைவிடம். வெண்கலச் சிலை ஒன்று, பின்னால் வளைந்த சுவர்களில் எஃகுத் தகடுகள், அவற்றில் 209,145 பேர். நெருக்கி நெருக்கி எழுதிய பெயர்கள். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தகட்டை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படித்தார். அவர் ரேஷன் கார்டு பட்டியலைப் படிக்கும் விதம் அப்படித்தான்.

இவர்கள் சம்பளக் கதைதான் எல்லாவற்றிலும் கசப்பானது. சேரும்போது சொன்னது மற்றவர்களுக்கு உள்ள அதே சம்பளம். கையில் கொடுத்தது 10 டாலர், அதிலும் துணிக்கென்று 3 பிடித்தம், ஆக 7. கறுப்பினத்தவர்களை வேலைக்கு எடுக்கிற பழைய சட்டத்தில் கூலியாளுக்குச் சொன்ன தொகை அது, அதையே சிப்பாய்க்கும் வைத்துவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு 13, துணி தனி. சார்ஜெண்ட் ஆனாலும் கறுப்பராக இருந்தால் அதே 7.

மாசசூசெட்ஸ் 54ஆவது பிரிவு, வேண்டாம் என்றது. குறைத்துக் கொடுத்தால் வாங்கமாட்டோம். மீதியை எங்கள் மாநிலமே போட்டுத் தருகிறோம் என்று மாசசூசெட்ஸ் சொன்னபோதும் மறுத்தார்கள். காசு மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் வாங்கியிருப்பார்களே! பதினெட்டு மாதம் ஒரு செண்ட் வாங்காமல் சண்டை போட்டார்கள். அந்தப் பதினெட்டு மாதமும் ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை யாரும் தகட்டில் எழுதவில்லை. அந்தப் பிரிவின் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் போட்டார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதே கேள்வி. மறுவருஷம் பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஜூலையில் இறந்துபோனார். முழுச் சம்பளம் அந்தப் பிரிவின் கைக்கு வந்தபோது அவர் இல்லை.

வில்லியம் வாக்கர் கதையை மாமாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னேன். தென் கரோலினா மூன்றாவது பிரிவின் சார்ஜெண்ட். 1863 நவம்பரில் தன் ஆட்களை வரிசையாக அழைத்துப்போய், கர்னல் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒப்புக்கொண்ட சம்பளம் தராத சர்க்காருக்கு இனி வேலை செய்யமாட்டோம் என்று சொன்னவர். கலகம் என்று தீர்ப்பு. 1864 பிப்ரவரி 29 அன்று சுட்டுக் கொன்றார்கள். அதே வருஷம் ஜூனில் சம்பளத்தைச் சமமாக்கச் சட்டம் வந்தது. அதிலும் ஒரு சிக்கு: போர் தொடங்கியபோதே சுதந்திர மனிதராக இருந்தவருக்குத்தான் ஆரம்பத்திலிருந்து பாக்கி. அடிமையாக இருந்து வந்தவருக்கு அந்த வருஷத்திலிருந்துதான். அதைச் சரிசெய்ய 1865 மார்ச் ஆயிற்று.

மாமா ஒழுங்குப் பைத்தியம். பரேடில் ஒரு நிமிஷம் தாமதமானவனைக்கூட மன்னிக்காத ஆள். கலகம் பண்ணினால் தண்டனைதான் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "துப்பாக்கியக் கீழதான வெச்சான்" என்றார். "எவன் மேலயும் நீட்டலியே." அதற்குமேல் அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

மத்தியானம் மழை. பழைய பென்ஷன் அலுவலகத்துக்குள் ஓடினோம், இப்போது அது கட்டடக்கலை அருங்காட்சியகம். ஒரு கோடியே ஐம்பது லட்சம் செங்கல்லில் கட்டியது என்கிறார்கள். வெளிச்சுவரைச் சுற்றி 1,200 அடி நீளத்துக்குச் சிப்பாய்கள் நடக்கும் சுடுமண் புடைப்புச் சிற்பம். உள்ளே 75 அடி உயரத் தூண்கள், மதுரை நாயக்கர் மகாலை நினைத்துக்கொள்ளலாம். இவ்வளவும் காயப்பட்டவன், விதவை, அனாதை ஆகியோரின் மனுக்களைப் புரட்டிப் பார்க்க! 1890களின் தொடக்கத்தில் மத்திய சர்க்கார் செலவில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு இந்தப் பென்ஷனுக்கே போனது. இந்தப் போருக்காகப் பென்ஷன் வாங்கிய கடைசி ஆள் ஒரு சிப்பாயின் மகள். மாதம் 73 டாலர் 13 செண்ட். அவர் இறந்தது 2020இல்.

"2020ஆ?" என்று இரண்டு தடவை கேட்டார் மாமா. பிறகு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து ஃபோனை நீட்டினார். "இங்கயே முடிச்சுடலாம் மாப்ள. ராசியான எடம்." திறந்தேன். முகம் தெரியவில்லை, வெளிச்சம் போதவில்லை என்றது.

நான்காம் நாள்: பிரெடெரிக்ஸ்பர்க், ரிச்மண்ட்

நெடுஞ்சாலை 95இல் நெரிசலைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு கட்டுரை.

பிரெடெரிக்ஸ்பர்க்கில் சாத்தம் மாளிகைத் தோட்டத்திலிருந்து பார்த்தால் கீழே ரப்பஹானக் ஆறு. பாலாறு மாதிரி இல்லை, தண்ணீர் ஓடுகிறது. 1862-63 குளிர்காலம் பூரா இந்தக் கரையில் வடபடை, அந்தக் கரையில் தென்படை. வடக்கத்தியானிடம் காப்பிக்கொட்டை உண்டு, புகையிலை தட்டுப்பாடு. தெற்கத்தியான் வறுத்த ரை தானியத்தையும் சிக்கரியையும் காப்பி என்று குடித்துக்கொண்டிருந்தான், புகையிலைக்கோ குறைவில்லை. பலகையைச் செதுக்கி, குச்சி நட்டு, துணியோ காகிதமோ பாயாகக் கட்டி, காற்றுப் பார்த்து விடுவார்கள். போகும்போது காப்பி, வரும்போது புகையிலை, கூடவே செய்தித்தாள். அதிகாரிகள் தடுத்தும் நிற்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் வடபடையில் சம்பளப் பாக்கி மாதக்கணக்கில் கிடந்தது. தப்பி ஓடுகிறவர் கணக்கு நாளுக்கு 200 என்று சொல்லும் அளவுக்குப் போனது. ஊரிலிருந்து வருகிற கடிதங்கள் அப்படி: வாடகை நிற்கிறது, விறகு இல்லை, சின்னவனுக்குக் காய்ச்சல். ஜனவரி கடைசியில் தலைமைக்கு வந்த ஹூக்கர் புது ரொட்டி, முறை வைத்து லீவு, பாக்கிச் சம்பளம் என்று கொடுக்கத் தொடங்கிய பிறகே படை படையாக ஆனது. வசதியுள்ளவனுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அந்த மார்ச்சில் வந்த கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டத்தில் 300 டாலர் கட்டினால் போகவேண்டாம் என்று இருந்தது. சிப்பாயின் சம்பளத்தில் அது 23 மாதத்துப் பணம்.

மாலையில் ரிச்மண்ட், தெற்கின் தலைநகரம். டிரெடிகர் இரும்பாலை இருந்த இடத்தில் அருங்காட்சியகம். பழைய பீரங்கிகளைவிட என்னை நிறுத்தியது தெற்கத்திய நோட்டுகள்தான். சமாதான உடன்படிக்கை உறுதியாகி இரண்டு வருஷம் கழித்து இத்தனை டாலர் தருவோம் என்று நோட்டிலேயே அச்சடித்திருக்கிறது! ஜெயித்தால் காசு, தோற்றால் காகிதம். அச்சடிக்க அச்சடிக்க அதன் மதிப்பு கரைந்தது. சிப்பாயின் 11 டாலரை 1864 ஜூனில் 18 ஆக்கினார்கள். அதற்குள் ஒரு பீப்பாய் மாவு நூற்றுக்கணக்கான டாலர். குதிரைப்படையில் நிலைமை இன்னும் வேடிக்கை. குதிரையைச் சிப்பாயே கொண்டுவரவேண்டும், நாளுக்கு 40 செண்ட் வாடகை. சண்டையில் செத்தால் ஈடு உண்டு. நோயிலோ பட்டினியிலோ செத்தால் வேறு குதிரை தேடவேண்டும், இல்லையேல் காலாட்படைக்குப் போ. இருபது அடிமை வைத்திருந்த பண்ணைக்கு மட்டும் ஒரு வெள்ளையருக்குப் படையிலிருந்து விலக்கு.

1863 ஏப்ரல் 2 அன்று இந்த ஊர்ப் பெண்கள் கோடரியும் கத்தியுமாகக் கிளம்பிக் கடைகளை உடைத்து மாவும் பன்றிக்கொழுப்பும் அள்ளினார்கள். இரும்பாலைக்காரர் வீட்டுப் பெண்கள், சிப்பாய் வீட்டுப் பெண்கள். தெற்கின் ஜனாதிபதி ஜெஃபர்சன் டேவிஸே வந்து, ஒரு வண்டிமேல் ஏறி, சட்டைப் பையில் இருந்த சில்லறையை அவர்கள்மேல் வீசினாராம். பிறகு, ஐந்து நிமிஷத்தில் கலையாவிட்டால் சுடச் சொல்வேன் என்றாராம்.

"அந்தக் காச எவளாவது பொறுக்குனாளா?" என்று கேட்டார் மாமா. புத்தகத்தில் அது இல்லை.

ராத்திரி சரவணபவன் மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடி, பஞ்சாபி தாபா கிடைத்தது. மாமா அவர்களோடு பட்டாளத்து இந்தியில் வெளுத்து வாங்கி, ஒரு கிண்ணம் பாயசம் இலவசமாக வாங்கிவிட்டார்.

ஐந்தாம் நாள்: அப்போமாட்டக்ஸ்

மேற்கே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். இலை உதிர்ந்த காடு, மேடு பள்ளம், ஆளில்லாத சாலை. 1865 ஏப்ரல் 9 அன்று தென்படைத் தளபதி லீ தன் படையை வடபடைத் தளபதி கிராண்டிடம் ஒப்படைத்த கிராமம். ஒரு மண்பாதை, நாலைந்து வீடு, ஒரு பழைய விடுதி.

சரணடைந்த வீட்டைச் சுற்றிப் பார்த்தோம், மேஜை நாற்காலி. மாமாவுக்குப் பிடித்தது விடுதிதான். கிளோவர் ஹில் விடுதி. சரணடைந்த ஒவ்வொருவருக்கும் விடுதலைச் சீட்டு அச்சடித்த இடம். அச்சுக்கூடம் மாதிரி ஒன்றை வைத்திருக்கிறார்கள், கயிற்றில் சீட்டுகள் காயப் போட்டிருக்கின்றன. சுமார் 28,000 சீட்டு, ராவும் பகலுமாக. ஒரு பேர், ஒரு பிரிவு, வீட்டுக்குப் போகலாம், தொல்லை செய்யமாட்டார்கள் என்று இரண்டு வரி. இந்தச் சீட்டைக் காட்டினால் வடக்கின் ரயிலிலும் கப்பலிலும் சும்மா போகலாம், சர்க்கார் கிடங்கில் ரேஷன் வாங்கலாம். பையில் இருந்த தெற்கத்திய நோட்டுக்குத் தெருவில் ஒரு வெங்காயம்கூட வராது. ஆக அந்த ஏப்ரலில் அவனிடம் இருந்த ஒரே செல்லுபடியாகிற காகிதம் அந்தச் சீட்டு. குதிரையோ கோவேறு கழுதையோ சொந்தமாக வைத்திருந்தவன் ஓட்டிக்கொண்டு போகலாம் என்றும் கிராண்ட் விட்டுவிட்டார். விதைப்புக் காலம். மாடில்லாமல் ஏர் எப்படி ஓட்டுவது? பசியில் கிடந்தவர்களுக்கு 25,000 பேருக்கான சாப்பாடும் அனுப்பினார்.

"கிராண்டு வெவசாயியா?" என்றார் மாமா. கொஞ்ச காலம் பண்ணை வைத்து நஷ்டப்பட்டவர் என்றேன். "அதான்" என்றார்.

வெளியே வந்து காரில் ஏறப்போனவர் நின்றார். நல்ல வெயில். ஃபோனைப் பார்த்தார், இரண்டு கோடு சிக்னல். நான் ஒன்றும் கேட்கவில்லை, வாங்கித் திறந்து, நம்பரைப் போட்டு, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். தொப்பியைக் கழற்றினார். மப்ளரை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். கண்ணாடியைச் சட்டைப் பையில் வைத்தார். இரண்டு காலையும் சேர்த்து விறைப்பாக நின்றார், வேலிக்கு அந்தப் பக்கம் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் ஒன்று இவரையே பார்த்தது.

கண்ணை இமைக்கவும் என்றது திரை.

"மாமா, கண்ண மூடித் தொறங்க."

"அட்டென்ஷன்ல இருக்கும்போதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒரு தடவை மூடித் திறந்தார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.